தீர்மானம் ஜெயித்துவிட்டது, அதனால்தான் எழுதுகிறேன்

எங்கள் குடியிருப்போர் நலச் சங்கத் தலைவர், செயலாளர், பொருளாளர், அப்புறம் போன ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடிப் பந்தலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த எல்லோருக்கும்,

வணக்கம்.

வீட்டுக்கு வீடு தண்ணீர் மீட்டர் பொருத்துவது என்கிற தீர்மானம் 38க்கு 17 என்று நிறைவேறியது. கை தூக்கிய 38 பேரில் நானும் ஒருத்தி. மீட்டர் வேண்டும் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் அன்றைக்கு இரண்டு பக்கமும் போலி வாதங்களை வைத்தே பேசினோம் என்பதால், அந்தத் தீர்மானத்தைக் கொஞ்சம் நிறுத்தி வைத்து, மறுபடியும் விவாதத்துக்கு எடுங்கள் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம். தோற்றவர்கள்தான் வழக்கமாக மறு எண்ணிக்கை கேட்பார்கள், ஜெயித்தவள் கேட்டால் இவளுக்கு என்ன ஆச்சு என்று தோன்றும், தெரியும். வாட்ஸாப் குழுவில் போட்டால் பத்து நிமிஷத்தில் குட் மார்னிங் படங்களுக்கு அடியில் புதைந்துவிடும் என்பதால் பொதுவில் எழுதுகிறேன். கட்டடத்தின் பெயரையும் யார் பெயரையும் போடவில்லை. வேளச்சேரிக்குத் தெற்கே எந்த அபார்ட்மென்ட்காரர் படித்தாலும் தங்கள் வீட்டுக் கூட்டம் என்றே நினைப்பார், நினைக்கட்டும்.

முதலில் நான் செய்ததைச் சொல்லிவிடுகிறேன்.

சி பிளாக் சார் எழுந்து இரண்டு கேள்வி கேட்டார். நம் கட்டடத்தில் மொட்டைமாடி டேங்கிலிருந்து வீட்டுக்கு ஒரே குழாய் இறங்கவில்லை, சமையலறைக்கு ஒன்று, ஒவ்வொரு குளியலறைக்கும் ஒன்று என்று மேலிருந்து கீழே தனித்தனிக் குழாய்கள் ஓடுகின்றன, ஒவ்வொரு மாடியிலும் அந்தந்த இடத்தில் கிளை எடுத்திருக்கிறார்கள், அப்படியென்றால் வீட்டுக்கு எத்தனை மீட்டர் வேண்டும், கொட்டேஷனில் ஒன்று என்றுதானே போட்டிருக்கிறது என்பது முதல் கேள்வி. நம் போர் தண்ணீர் உப்பு, பக்கெட்டின் அடியில் வெள்ளையாகப் படிகிறது, உள்ளே சக்கரம் சுற்றும் மீட்டர் அந்தத் தண்ணீரில் எத்தனை மாதம் ஓடும், நின்றுபோனால் மாற்றும் செலவு யாருடையது என்பது இரண்டாவது.

அதற்கு நான் எழுந்து சொன்ன பதில் இது: "சார், வருஷத்துல ஆறு மாசம் நீங்க மெல்போர்ன்ல பொண்ணு வீட்ல இருக்கீங்க. லாரி வரலைன்னா ராத்திரி ரெண்டு மணிக்கு பக்கெட் தூக்கறது நாங்க. எங்க கஷ்டம் உங்களுக்கு எப்படி சார் தெரியும்?"

கைதட்டல். பின்வரிசையிலிருந்து ஒரு விசில்கூட. சார் ஒரு நொடி நின்றார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், உட்கார்ந்துவிட்டார். அவர் கேட்ட இரண்டு கேள்விக்கும் யாரும் பதில் சொல்லவில்லை. அடுத்த பத்தாவது நிமிஷம் கை தூக்கச் சொன்னீர்கள்.

ராத்திரி படுத்த பிறகுதான் உறைத்தது. அவர் மெல்போர்னில் இருந்தால் என்ன, மாம்பலத்தில் இருந்தால் என்ன, குழாய்களின் எண்ணிக்கை மாறிவிடுமா? அதைவிடக் கேவலம், என் கணக்கே தலைகீழ். வருஷத்தில் பாதி நாள் பூட்டிக் கிடக்கும் வீட்டுக்காரருக்குத்தான் மீட்டர் வந்தால் லாபம். இப்போது சதுர அடிக் கணக்கில் திறக்காத குழாய்க்கும் சேர்த்துப் பணம் கட்டுகிறார். தன் பாக்கெட்டுக்கு எதிராக அந்தக் கூட்டத்தில் பேசிய ஒரே மனிதர் அவர், அவரைப் பார்த்துத்தான் "உங்களுக்கு என்ன தெரியும்" என்றேன். பதினோராம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறவள் நான். ஒரு பையன் கட்டுரையில் இப்படி எழுதியிருந்தால் சிவப்பு மையில் வட்டம் போட்டிருப்பேன்.

சொல்கிற ஆளை அடித்துவிட்டால் சொன்னது செத்துப்போகும் என்று நம்புவதுதான் இந்தப் போலி வாதங்களிலேயே மலிவானது. வாடகைக்கு இருக்கிறவர் பேசக் கூடாது, நேற்று குடிவந்தவருக்கு என்ன தெரியும், அவர் கட்டணமே மூன்று மாதம் பாக்கி, அவர் மனைவி யோகா வகுப்பு எடுப்பதால் ஜிம் அறையைக் கேட்கிறார் என்று எல்லாமே இந்த ஜாதிதான். ஆனால் ஒன்று, ஆளைப் பற்றிக் கேட்பதே தப்பு என்றும் நான் சொல்லவில்லை. கொட்டேஷன் கொடுத்த கடைக்காரர் கமிட்டியில் யாருக்காவது சொந்தமா என்று கேட்பது நியாயமான கேள்வி, ஏனென்றால் அங்கே அவருடைய சொல்லை நம்பித்தான் பணம் கொடுக்கப் போகிறோம். நாமே நேரில் போய் எண்ணிப் பார்க்கக்கூடிய குழாய்க்கு, எண்ணச் சொன்னவரின் ஜாதகம் எதற்கு?

சொந்தம் என்றதும் பொருளாளர் விஷயம் நினைவுக்கு வருகிறது. மீட்டர் கம்பெனி ஆளோடு அவர் டீக்கடையில் நின்று பேசியதை யாரோ பார்த்தார்களாம், உடனே கமிஷன் என்று பேச்சு. கேட்டால், நெருப்பில்லாமல் புகையுமா என்கிறார்கள். இந்தப் பழமொழியை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் வருத்தம். மலையில் புகை தெரிகிறது, எனவே அங்கே நெருப்பு இருக்கிறது, எங்கள் அடுக்களையைப் போல என்பது இந்த நாட்டுத் தர்க்க சாஸ்திரத்தில் பாலபாடம். மணிமேகலையில் பௌத்தத் துறவி அறவண அடிகள் காஞ்சியில் மணிமேகலைக்கு இதைத்தான் சொல்லிக் கொடுக்கிறார். சரியான வாதம் எப்படி இருக்கும் என்று சொல்லிவிட்டு, அப்புறம் போலிகளுக்கு வருகிறார். சொல்ல வந்த கருத்திலேயே கோளாறு இருந்தால் பக்கப் போலி, காரணத்தில் இருந்தால் ஏதுப் போலி, உதாரணத்தில் இருந்தால் திட்டாந்தப் போலி. முறையே ஒன்பது, பதினான்கு, பத்து. சீத்தலைச் சாத்தனார் ஒரு காப்பியத்துக்குள் கதையை நிறுத்திவிட்டு இத்தனையையும் வரிசையாகப் பாடி வைத்திருக்கிறார், பாடத்திட்டத்தில் இந்தக் காதையை வைத்தால் பிள்ளைகள் ஓடிவிடுவார்கள் என்பது வேறு விஷயம். அந்தப் பதினான்கு ஏதுப் போலிகளில் ஒன்று எனக்கு ரொம்பப் பிடித்தது. தூரத்தில் தெரிவது நீராவியா, பனியா, புகையா என்கிற சந்தேகம் இன்னும் தீரவில்லை. அதற்குள்ளேயே புகைதான் என்று துணிந்து, அங்கே நெருப்பு இருக்கிறது என்று முடிவுகட்டிவிடுவது.

நெருப்பில்லாமல் புகையாது, சரி. நீங்கள் பார்த்தது புகைதானா? டீக்கடையில் நின்றது, டீயின் ஆவியாகவும் இருக்கலாம் அல்லவா? பொருளாளருக்கும் எனக்கும் பார்க்கிங் விஷயத்தில் பேச்சுவார்த்தையே கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும், அவருக்காக நான் வக்காலத்து வாங்கவில்லை. சந்தேகம் இருந்தால் மூன்று கொட்டேஷன் வாங்கி நோட்டீஸ் போர்டில் ஒட்டச் சொல்லுங்கள், தீர்ந்தது.

இனி என் கட்சிக்காரர்கள். மீட்டருக்கு ஆதரவாக அன்றைக்குப் பேசியவர்களில் அதிகக் கைதட்டல் வாங்கியவர், தன் தங்கை குடியிருக்கும் அபார்ட்மென்ட் கதையைச் சொன்னவர். அங்கே மீட்டர் போட்ட மூன்றே மாதத்தில் லாரி எண்ணிக்கை பாதியாகக் குறைந்ததாம். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று முடித்தார். நானும் தலையாட்டினேன். வீட்டில் மறுநாள் குக்கரைத் திறக்கும்போது யோசித்துப் பார்த்தேன், ஒரு சோறு எப்போது பதம்? ஒரே அரிசி, ஒரே தண்ணீர், ஒரே அடுப்பு, நன்றாகக் கிளறிவிட்ட பானை என்றால் பதம். மேலே ஒரு பருக்கை, கீழே ஒரு பருக்கை என்று எங்கே எடுத்தாலும் ஒன்றுபோல் வெந்திருக்கும் என்பதால் ஒன்றே போதும். அவர் தங்கையின் பானை வேறு, நம் பானை வேறு. அவர்கள் குடியிருப்பு புதிது, கட்டும்போதே வீட்டுக்கு ஒரே குழாய் என்று திட்டம் போட்டுக் கட்டியது. பழமொழியில் தப்பில்லை, பானையை மாற்றிவிட்டு அதே பழமொழியைச் சொன்னதில்தான் தப்பு.

அப்புறம் அந்த மூன்று மாதம் எந்த மூன்று மாதம் என்று யாராவது கேட்டோமா? கூட்டம் முடிந்து படியிறங்கும்போது கேட்டேன். அக்டோபர் கடைசியில் பொருத்தினார்களாம். சென்னையில் அக்டோபர் கடைசியில் எதைப் பொருத்தினாலும் மூன்று மாதத்தில் லாரி குறையத்தான் செய்யும், வாசலில் பூசணிக்காய் கட்டினாலும் குறையும், அதற்குப் பெயர் வடகிழக்குப் பருவமழை. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. இதைத்தான் சமஸ்கிருதத்தில் காகதாளீய நியாயம் என்பார்கள், பனைமரம் இருக்கிற ஊர்க்காரர்களுக்கு அந்தப் பெயரெல்லாம் தேவையில்லை.

இதே காக்கை இன்னொரு மரத்திலும் வந்து உட்கார்ந்தது, அதையும் சொல்ல வேண்டும். மீட்டர் வேண்டாம், மழைநீர்த் தொட்டிகளைத் தூர்வாரினாலே போதும் என்று ஒருவர் சொன்னதும், ஏ பிளாக் மாமா பாய்ந்து எழுந்தார். 2015ல் தூர்வாரினோமே, என்ன ஆச்சு, ரெண்டே மாசத்துல பேஸ்மென்ட்ல இடுப்பளவு தண்ணி, பதினோரு வண்டி போச்சு, அந்தக் குழியைத் தொட்டாலே நமக்கு ராசியில்லை. மாமா, அந்த டிசம்பர் 1ஆம் தேதி தொடங்கிய மழையில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் கொட்டியது. அடையாறு கரை புரண்டு ஓடியது. குழியே தோண்டாத கட்டடங்களிலும் படகில்தான் ஆளை இறக்கினார்கள். நம் குழிக்கு அத்தனை சக்தி இருந்தால் அதற்குக் கோயில் கட்டலாம்.

மழைநீர் சேகரிப்பை ஆதரிக்கிறவர்கள் சிரிக்க வேண்டாம், உங்கள் பக்கமும் வருகிறேன். 2003ல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள், அதற்குப் பிறகு சென்னையில் கிணறுகளில் தண்ணீர் ஏறியது, ஆகவே சட்டத்தால்தான் ஏறியது என்று எல்லோரும் சொல்கிறோம். நானும் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். ஆனால் நடுவில் 2005 என்று ஒரு வருஷம் வந்தது, அந்த மழையை மறந்தவர்கள் இருக்க முடியாது. மொட்டைமாடித் தண்ணீரை மண்ணுக்குள் விட்டால் நிலத்தடி நீர் ஏறும் என்பதற்குத் தனியாகவே காரணம் இருக்கிறது, அதை யாரும் மறுக்கவில்லை, ஏறியதில் சட்டத்தின் பங்கு எவ்வளவு, வானத்தின் பங்கு எவ்வளவு என்பதுதான் கேள்வி. முன்னால் வந்தது, பின்னால் வந்தது என்பதை மட்டும் வைத்து அதைப் பிரிக்க முடியாது. எனக்குப் பிடித்த விஷயம் என்பதால் இத்தனை வருஷம் அந்தச் சந்தேகமே எனக்கு வரவில்லை, பிடிக்காத விஷயமாக இருந்திருந்தால் முதல் நாளே கேட்டிருப்பேன். போலி வாதத்தைக் கண்டுபிடிக்க நமக்கெல்லாம் நல்ல கண்தான், ஒரு கண் மட்டும்.

செயலாளர் சார், நீங்கள் 2019ஐ எடுத்தீர்கள். அதை எடுத்ததும் பந்தலில் சத்தமே இல்லை. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு கிடந்ததும், ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் 50 வேகன்களில் தண்ணீர் வந்ததும், ஐடி கம்பெனிகள் வீட்டிலிருந்தே வேலை பாருங்கள் என்று சொன்னதும் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது. எனக்கு இன்னும் ஞாபகம் இருப்பது, காலை ஐந்தரைக்கு வந்த தண்ணீரில் இரண்டு பக்கெட் பிடித்து வைத்துவிட்டு, பள்ளிக்கூடத்தில் போய்க் குளித்துக்கொள்ளலாமா என்று யோசித்தது. அந்தப் பயம் நிஜம். ஆனால் "2019 மறுபடி வரணுமா? வேண்டாம்னா கை தூக்குங்க" என்றீர்களே, அதுதான் இடிக்கிறது. 2019 மறுபடி வர வேண்டும் என்று யார் கை தூக்குவார்கள்? அந்த வருஷம் நமக்கு நடந்தது ஏரியும் போரும் வற்றியது. மீட்டர் தண்ணீரை அளக்கும், ஊற வைக்காது. இருக்கிற கொஞ்சத்தைப் பங்கு போட உதவும், எந்த வீட்டில் ஃபிளஷ் டேங்க் ஒழுகுகிறது என்று காட்டிக்கொடுக்கும், அதுவே பெரிய காரணம், அதைச் சொல்லியிருக்கலாம். அதை விட்டுவிட்டு, மீட்டர் இல்லையென்றால் ரயில் தண்ணீர் என்று இரண்டே கதவைக் காட்டினீர்கள். நடுவில் எத்தனையோ கதவு இருந்தன. பிளாக்குக்கு ஒரு மீட்டர் போட்டுப் பார்க்கலாம். குழாய் முனையில் பீய்ச்சலைக் குறைக்கும் சின்ன வலையைத் திருகலாம். ஆள் கணக்கில் கட்டணம் வாங்கலாம்.

வேண்டாம் என்றவர்கள் மட்டும் என்ன ஒழுங்கு? அவர்களில் ஒருவர் சொன்னது: இன்னிக்குத் தண்ணிக்கு மீட்டர், நாளைக்கு லிஃப்டுக்கு மீட்டர், நாளன்னிக்கு மொட்டைமாடில துணி காயப்போட சதுர அடிக்கு இவ்வளவுன்னு வருவாங்க, இடம் கொடுத்தா மடம் பிடுங்குவாங்க! பந்தல் முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன், நன்றாகத்தான் சொன்னார். ஆனால் தண்ணீர் மீட்டருக்கும் துணிக்கொடி வாடகைக்கும் நடுவில் எத்தனை படி இருக்கிறது, ஒவ்வொரு படிக்கும் ஒரு பொதுக்குழு, ஒவ்வொரு பொதுக்குழுவிலும் அவரே எழுந்து மறுக்கப் போகிறார். ஒரு படி இறங்கினால் உருண்டு அடிவரைக்கும் போவோம் என்றால், எந்தப் படியில் வழுக்கும், ஏன் வழுக்கும் என்று காட்ட வேண்டும். பழமொழி சொன்னால் காட்டியதாக ஆகாது.

பழமொழி பற்றி ஒரு வார்த்தை, தொழில் தோஷம், மன்னித்துக்கொள்ளுங்கள். தமிழில் பழமொழி சொல்லி வாதத்தை முடித்துவிட்டால் எதிராளிக்கு வாய் திறக்கவே கூச்சமாகிவிடும், ஏதோ பாட்டியையே எதிர்த்துப் பேசுவதுபோல. ஆனால் பாட்டி எல்லாப் பக்கமும் பேசியிருக்கிறாள். அவசரப்படாதே என்பதற்குப் பதறாத காரியம் சிதறாது, சீக்கிரம் செய் என்பதற்கு ஆறின கஞ்சி பழங்கஞ்சி. ஊரோடு ஒத்துப் போகச் சொல்ல ஒன்று இருக்கிறது, ஊர் வாயை மூட உலைமூடி இல்லை, நீ உன் வேலையைப் பார் என்று சொல்லவும் ஒன்று இருக்கிறது. பழமொழி நல்ல ஊறுகாய். சோறும் வேண்டும் இல்லையா?

மச்சான் பொதுப்பணித் துறையில் எஞ்சினியர், அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்றவருக்கு ஒரே வரி: மச்சானையே கூட்டி வாருங்கள், காபி போட்டுத் தருகிறேன், குழாயைப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

எல்லாவற்றையும்விட அதிக நேரத்தைத் தின்றது வேறு ஒன்று. இரண்டு மணி நேரக் கூட்டத்தில் தண்ணீரைப் பற்றிப் பேசியது அரை மணிகூட இருக்காது. மீட்டர் பராமரிப்பு யார் என்று ஒருவர் கேட்க, அப்படின்னா லிஃப்ட் பராமரிப்பு மட்டும் ஒழுங்கா நடக்குதா என்று இன்னொருவர் கேட்க, லிஃப்டில் நாயை ஏற்றுவது பற்றிப் பேச்சு வந்து, நாயை விடுங்க உங்க பையன் லிஃப்ட் கண்ணாடியில் ஸ்டிக்கர் ஒட்டினானே என்று போய், ஸ்டிக்கரிலிருந்து விசிட்டர் பார்க்கிங்குக்குத் தாவி, அங்கிருந்து போன கமிட்டியின் பெயின்ட் கணக்குக்கு வந்து நின்றபோது வாட்ச்மேன் டீ கொண்டுவந்தார். நன்னூலில் பவணந்தி முனிவர் நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களைச் சொல்கிறார், அதில் ஒன்றின் பெயர் மற்றொன்று விரித்தல். எடுத்த பொருளை விட்டுவிட்டு இன்னொன்றை விரித்துக்கொண்டு போவது. அதே பட்டியலில் கூறியது கூறலும் இருக்கிறது, முன்னுக்குப் பின் முரணாகப் பேசும் மாறுகொளக் கூறலும் இருக்கிறது, போகப் போக வலுவிழந்து முடியும் சென்று தேய்ந்து இறுதலும் இருக்கிறது. நம் சங்கத்தின் மினிட்ஸ் புத்தகத்தைப் பார்த்துவிட்டுத்தான் எழுதினாரோ என்னவோ.

"நீ மட்டும் யோக்கியமா" என்று திருப்புவதும் இதிலேயே சேர்த்திதான். எங்கள் மாடிக்காரர் தினம் ஹோஸ் வைத்துக் கார் கழுவுகிறார், உண்மை. அவர் தண்ணீரைச் சிக்கனமாகச் செலவழிக்க வேண்டும் என்று பேசினால் சிரிப்பு வரும், அதுவும் உண்மை. ஆனால் அவர் கார் கழுவுவதால் சிக்கனம் கெட்ட விஷயம் ஆகிவிடாது. அவரைத் தனியாகக் கண்டியுங்கள், அவர் சொன்னதைத் தனியாக எடைபோடுங்கள்.

பவணந்தியிடம் இன்னொன்றும் இருக்கிறது. ஒரு நூலாசிரியன் கருத்தைக் கையாளும் ஏழு விதங்களை மதம் என்று சொல்கிறார். உடன்படல், மறுத்தல், அடுத்ததாக "பிறர்தம் மதமேற் கொண்டு களைவு". அடுத்தவர் கருத்தை முதலில் ஏற்றுக்கொண்டு, பிறகு களைவது. முதல் தடவை படித்தபோது மனப்பாடம் பண்ணித் தேர்வில் எழுதியதோடு சரி. இப்போதுதான் புரிகிறது, அடுத்தவர் சொன்னதை முழுதாகக் கையில் வாங்காமல் களைய முடியாது. இரண்டாம் மாடி ஆன்ட்டி, படுக்கையில் இருக்கும் மாமியாருக்குத் தினம் இரண்டு மூன்று முறை துணி துவைக்க வேண்டியிருக்கிறது, அந்த மாதிரி வீடுகளுக்கு மீட்டர் பாரமாகிவிடாதா என்று கேட்டார். நாம் வாங்கிக்கொண்டது என்ன? "அப்ப தண்ணியை இஷ்டத்துக்கு வீணடிக்கணும்கறீங்களா?" அவர் அப்படிச் சொல்லவே இல்லை. வைக்கோலில் ஒரு ஆன்ட்டியைச் செய்து வைத்து அதைக் குத்தினோம், நிஜ ஆன்ட்டி ஓரமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

எண்ணிக்கை பற்றியும் கேட்க வேண்டும். ஒரு வீட்டுக்கு நாளைக்கு இரண்டாயிரம் லிட்டர் போகிறது என்று மேடையிலிருந்து சொன்னீர்கள். அளக்க மீட்டர் இல்லாத கட்டடத்தில் அந்த எண் எங்கிருந்து வந்தது? நகரத்தில் ஆளுக்கு நாளைக்கு 135 லிட்டர் என்பது நம் நாட்டில் திட்டம் போடுகிறவர்கள் வைத்துக்கொள்ளும் கணக்கு. நாலு பேர் வீட்டுக்கு 540. நம் 64 வீட்டுக்கும் நாலு பேர் என்றே வைத்தால் 34,560 லிட்டர், 12,000 லிட்டர் லாரியில் மூன்றுக்கும் கொஞ்சம் குறைவு. வீட்டுக்கு இரண்டாயிரம் என்றால் தினம் பத்து லாரிக்கு மேல் வந்திருக்க வேண்டும், போரும் இறைத்துக்கொண்டிருக்க வேண்டும். வரவில்லை, வாட்ச்மேன் நோட்டில் பாருங்கள். இதைக் கேட்டவரிடம், "இல்லைன்னு நீங்க நிரூபிங்க" என்றீர்கள். சொன்னவர்தானே காட்ட வேண்டும்? எங்கள் வீட்டுக் கிணற்றில் பூதம் இருக்கிறது, இல்லையென்று நீ இறங்கிப் பார் என்பதுபோல இருந்தது.

இன்னொன்று, குழுவில் ஒரு வாரம் முன்பே கொட்டேஷனைப் போட்டோம், யாரும் ஆட்சேபிக்கவில்லை, எனவே விலைக்கு ஒப்புதல் கிடைத்தாயிற்று என்று மினிட்ஸில் எழுதியிருக்கிறீர்கள். மௌனம் சம்மதம் என்பது கல்யாணப் பேச்சில் சொல்வது, அங்கேயே அதை நம்பக் கூடாது என்று இப்போது எல்லோருக்கும் தெரியும். அந்தக் குழுவில் பாதிப் பேர் சத்தத்தை அணைத்து வைத்திருக்கிறோம். நான் உட்பட.

எங்கள் பிளாக் தம்பி ஒருவர், கல்லூரி முடித்தவர், கூட்டம் முழுக்க இந்தப் போலிகளுக்கெல்லாம் ஆங்கிலப் பெயர் சொல்லிக்கொண்டே இருந்தார். யார் வாயைத் திறந்தாலும் ஒரு பெயர். பாதி இடத்தில் சரியாகவும் சொன்னார், அந்தப் படிப்புக்கு என் மரியாதை. ஆனால் தம்பி, பெயர் வைத்துவிட்டால் பதில் சொன்னதாக ஆகிவிடாது. தப்பான காரணம் சொல்லி ஒருவர் சரியான முடிவுக்கும் வரலாம். ஜோசியர் சொன்னார் என்று ஒருவர் குடை எடுத்துப் போனார் என்பதற்காக மழை வராமல் போய்விடாது. "இது போலி" என்று சொன்னதோடு நிறுத்தாமல், "சரி, இந்தக் காரணம் நிற்காது, வேறு காரணம் இருக்கிறதா" என்று கேட்டுப் பாருங்கள். நம்மிடமும் பழைய முத்திரை ஒன்று இருக்கிறது, விதண்டாவாதம். சி பிளாக் சாரைப் பார்த்து அன்றைக்கு இரண்டு பேர் அதைச் சொன்னார்கள். விதண்டை என்றால் தனக்கென்று ஒரு கட்சியும் வைக்காமல் அடுத்தவர் கட்சியை உடைப்பதை மட்டும் வேலையாக வைத்துக்கொள்வது. சார் அப்படியா பேசினார்? முதலில் ஒரே ஒரு பிளாக்கில் பொருத்திப் பார்க்கலாமே என்று சொல்ல ஆரம்பித்தார். அந்த வாக்கியத்தின் நடுவில்தான் நான் எழுந்தேன்.

புதன்கிழமை சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கலாம் என்று போனது, வாசலில் நின்று என்னென்னமோ உளறினேன். "உள்ள வாம்மா" என்றார். ஃபில்டர் காபி வந்தது. மெல்போர்ன் பேச்சை அவர் எடுக்கவே இல்லை. குளியலறையிலிருந்து பழைய ஷவர் தலை ஒன்றைக் கழற்றி ஒரு தட்டில் வைத்துக் கொண்டுவந்தார், ஓட்டைகளில் முக்கால்வாசி சுண்ணாம்பு அடைத்துக் கல்லாகியிருந்தது. பதினோரு மாசம்மா, அவ்வளவுதான் ஓடித்து என்றார். சக்கரம் இல்லாமல், ஒலி அலையை வைத்து அளக்கும் மீட்டரும் வருகிறதாம், விலை கூடுதல். அதற்கும் ஒரு கொட்டேஷன் வாங்கலாமே என்றார்.

வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக் குழாய்களை எண்ணினேன். சமையலறை ஒன்று, இரண்டு குளியலறை, பால்கனியில் வாஷிங் மெஷினுக்கு ஒன்று. நாலு. நாம் ஓட்டுப் போட்ட கொட்டேஷனில் வீட்டுக்கு ஒரு மீட்டர், மொத்தம் 64. என் வீட்டைப் போலவே எல்லா வீடும் இருந்தால் 256 வேண்டும்.

ஆகவே சிறப்புப் பொதுக்குழு ஒன்றைக் கூட்டுங்கள். அதற்குள் பிளம்பரை வைத்து ஒவ்வொரு பிளாக்கிலும் குழாய்களை எண்ணச் சொல்லுங்கள், வாட்ச்மேனின் லாரி நோட்டை ஜெராக்ஸ் எடுத்து ஒட்டுங்கள், சாரையும் இரண்டாம் மாடி ஆன்ட்டியையும் முதலில் பேசவிடுங்கள், அவர்கள் முடிக்கும்வரை என்னைப் பேசவிடாதீர்கள். மீட்டருக்கு ஆதரவாகத்தான் அன்றைக்கும் கை தூக்குவேன் என்று நினைக்கிறேன், எண்ணி முடித்த பிறகு பார்க்கலாம். தயவுசெய்து கூட்டத்தைக் காலையில் வையுங்கள். சாயங்காலம் லாரி வந்து சம்ப்பில் தண்ணீர் இறக்குகிற சத்தத்தில் யார் என்ன சொல்கிறார்கள் என்றே கேட்பதில்லை.

இப்படிக்கு,
பி பிளாக், மூன்றாம் மாடி
(நவம்பர் வரைக்கும் கட்டணம் கட்டியாயிற்று, ரசீது இருக்கிறது)